மாரீஸ்வரியின் ரத்தப் பொடி

அனுமந்தன்பட்டி மாரீஸ்வரியைப் போல ஒரு கோபக்காரியை நான் பார்த்ததில்லை. கோபக்காரி என்றதும் கத்துகிறவள், சாமானைத் தூக்கி எறிகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனிடம்கூட “பரவால்லண்ணே” என்பாள். அந்த நல்ல பிள்ளைத்தனத்துக்கு அடியில், ஒரே ஒரு ஆள் மேல் மட்டும் கோபத்தை வைத்துக்கொண்டு, ஆறவிடாமல், சோறு தண்ணி கொடுத்து வளர்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் அவளுடைய தாய்மாமன், கோம்பை கர்ணன்.

நான் ஷர்மின். உத்தமபாளையத்துக்காரி. தேனி போகிற சாலையில் ஒரு தனியார் திசு வாழை ஆய்வகத்தில் 2005-லிருந்து நானும் அவளும் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். எனக்கும் கோபம் வரும், ஆனால் மத்தியானச் சோற்றோடு போய்விடும். அவளுடைய கோபம் பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, காலேஜைக் கடந்து, வேலை வரைக்கும் கூடவே வந்தது. அது கடைசியில் வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு பொடி. அந்தப் பொடியைச் சொல்லாமல் மாரீஸ்வரியைச் சொல்ல முடியாது.

மாட்டு ரத்தத்தில் சிவப்பணு, உறைகிற சரக்கு எல்லாவற்றையும் நீக்கினால் மஞ்சளாக ஒரு நீர் மிஞ்சும். அதுதான் சீரம். அதில் அதிகமாக இருக்கிற புரதம் ஆல்புமின். அதை மட்டும் பிரித்து, சுத்தம் செய்து, உலர்த்தி, பொடியாக விற்கிறார்கள். பெங்களூர் டீலரிடமிருந்து ஐஸ் பெட்டியில் வரும். பார்க்க வெளிறிய மஞ்சளில், சோப்பைச் சீவியது மாதிரி இருக்கும். ஆய்வகத்தில் அது இல்லாமல் கை ஓடாது. ஒரு சாற்றில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க வேண்டுமானால் ஆல்புமினைத்தான் படிக்கல்லாக வைத்து அளக்க வேண்டும். நொதிகளைத் தண்ணீரில் மிகக் கொஞ்சமாகக் கலந்தால் அவை பாட்டில் சுவரிலேயே ஒட்டி வீணாகிவிடும், கூட ஆல்புமினைப் போட்டால் பிழைத்துக்கொள்ளும். மதுரையில் படித்தபோது, செல் வளர்க்கிறவர்கள் கொழுப்பை இதன் முதுகில் ஏற்றித்தான் செல்லுக்கு ஊட்டுவார்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டில் ரத்தம் ஆகாது. அவள் வீட்டில் மாடு ஆகாது. இரண்டும் சேர்ந்ததை வைத்துத்தான் நாங்கள் இரண்டு பேரும் பிழைத்தோம். ஊரில் அதற்கு ‘ரத்தப் பொடி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் அப்பா பெயர் ஒச்சாண்டி. ஒச்சாண்டி மகள் ரத்தப் பொடி வைத்து என்னவோ செய்கிறாளாம் என்று பேச்சு. அவளும் மறுத்துச் சொன்னதில்லை. நாலு பேர் பயந்துகொண்டு இருக்கட்டுமே என்பாள்.

எங்களுக்கு அந்தப் பொடியால் ஆக வேண்டிய முக்கியமான வேலை வேறு. வாழைக்கு முடிக்கொத்து என்று ஒரு நோய் உண்டு. இலைகள் விரியாமல் குறுகி, உச்சியில் கொத்தாக நெட்டுக்குத்தாய் நிற்கும். தார் போடாது. அந்த வைரஸ் ஒரு செடியில் இருக்கிறதா என்று இலைச்சாற்றை வைத்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. சின்னச் சின்னக் குழி வைத்த ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் வைரஸைப் பிடிக்கிற எதிர்ப்புப் புரதத்தை முதலில் ஒட்ட வைப்போம். அது குழி முழுவதையும் மூடாது, இடையிடையே வெறும் பிளாஸ்டிக் இருக்கும். வெறும் பிளாஸ்டிக் பொல்லாதது. எது வந்தாலும் பிடித்துக்கொள்ளும். கடைசியில் நிறம் காட்டுகிற சரக்கையும் பிடித்துக்கொண்டு, நோயே இல்லாத செடிக்கும் மஞ்சள் காட்டிவிடும். அதனால் இலைச்சாற்றை விடுவதற்கு முன்னால் ஆல்புமின் கரைசலை ஊற்றி வைப்போம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, அது காலி இடத்திலெல்லாம் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வருகிறவனுக்கு ஒட்ட இடம் இருக்காது. வைரஸ் இருந்தால் மட்டும் மஞ்சள் வரும், இல்லையென்றால் தண்ணீர் மாதிரி கிடக்கும்.

இனி கர்ணன் கதைக்கு வருகிறேன். இதை மாரீஸ்வரி என்னிடம் ஒரே தடவைதான் சொன்னாள். இரண்டாவது தடவை சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி சொன்னாள்.

1997-இல் அவள் வயதுக்கு வந்தாள். சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். கர்ணன் அப்போது வாழைக்கன்று ஏவாரி. கோம்பையில் தோட்டங்களை ஏலம் எடுத்து, கன்று பெயர்த்து, ஊர் ஊராகக் கொடுக்கிற ஆள். தங்கச்சி மலையம்மாளுக்கு ஒரே மகள், அவளுக்கு ஒரே சடங்கு என்று மேளத்தோடு வந்து இறங்கினார். பட்டு, பழத்தட்டு, மாலை எல்லாம் போக, பின்னால் ஒரு மினி லாரி நிறைய நாழிப்பூவன் கன்று. மாப்பிள்ளை ஒச்சாண்டியின் வயலுக்கு அது சீராம். ஊரே வாயைப் பிளந்தது. பெயர்தான் கர்ணன், கையும் கர்ணன் கைதான் என்று மைக்கில் சொன்னார்கள்.

ஒச்சாண்டி அந்தக் கன்றைத் தன் ஆற்றுப் பாசன நிலம் முழுக்க நட்டார். சில மாதத்தில் தோப்பே உச்சி கூம்பி நின்றது. அசுவினிப் பூச்சி அந்த நோயைப் பக்கத்து வயல்களுக்கும் கொண்டுபோனது. அக்கம்பக்கத்து வயல்காரச் சம்சாரிகள் வந்து, எங்கே வாங்கின கன்று என்று கேட்டபோது, ஒச்சாண்டி உள்ளதைச் சொன்னார், மச்சினன் கொடுத்த சீர் என்று.

அதுதான் குற்றமாகிவிட்டது. தாய்மாமன் சீரை நோய் என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை. அம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கர்ணன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு பேசினார். “எந்தங்கச்சி மகளுக்குச் சீருன்னு குடுத்ததுக்கு நோவுன்னு பேரு வைக்கிறாக. கன்னை இறக்கி வச்சது எந்தங்கச்சி. அவளே சூடத்தை அணைச்சுச் சொல்லட்டும், எப்பேர்ப்பட்ட கன்னுன்னு.”

கோயில் வாசலில் சூடம் ஏற்றினார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒரு சொல் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. மலையம்மாள் எழுந்து சூடத்தைப் பார்த்து நடந்தார். கையை நீட்டுவதற்குள் ஒச்சாண்டி குறுக்கே வந்து, மச்சினன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “தப்பு எம்மேலதான் மச்சான். மன்னிச்சிருங்க.”

கூட்டம் கலைந்தது. அடுத்த நாள் தோப்பை வெட்டி எரித்தார்கள். அதற்கப்புறம் ஒச்சாண்டி வாழை வைக்கவே இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ராயப்பன்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் காவலுக்குப் போனார். அந்த ஊரில் ஒச்சாண்டி என்று நிறையப் பேர் இருந்ததால், இவருக்கு அடையாளமாக ‘கால்ல விழுந்த ஒச்சாண்டி’ என்று பெயர் வந்தது. ரேஷன் கடையில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னார்கள்.

மாரீஸ்வரி அந்தக் கூட்டத்தில் தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவள் புரிந்துகொண்டது இது. அம்மா துணிந்து உண்மையைச் சொல்லப் போனாள். அப்பா பயந்து கெடுத்துவிட்டார். அம்மாவை மட்டும் சொல்ல விட்டிருந்தால் மாமனுடைய வண்டவாளம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். அதனால் அவளுக்கு அப்பா மேல் பாவம், அம்மா மேல் உயிர், மாமன் மேல் வெறி.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம் ஷர்மி,” என்றாள். “அந்தாளு அதே எடத்துல, அதே ஆளுக முன்னாடி நின்னு, கன்னுல நோவு இருந்துச்சு, எனக்குத் தெரியும்னு சொல்லணும். எங்கப்பாவுக்கு வச்ச அந்தப் பேரு போகணும்.”

இதற்காகத்தான் அவள் படித்தாள். உத்தமபாளையத்தில் பி.எஸ்சி., மதுரையில் எம்.எஸ்சி. மற்ற பிள்ளைகள் எல்லாம் சென்னை, பெங்களூர் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் வாழை நோய் பார்க்கிற வேலையைத் தேடிப் பிடித்து வந்து சேர்ந்தாள். என்றைக்காவது ஒரு நாள் கர்ணன் கன்று தன் கைக்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் கர்ணனும் வளர்ந்துவிட்டார். கன்று ஏவாரம் போய் திசு வாழை நர்சரி ஆகியிருந்தது. சாலை ஓரமெல்லாம் கை கூப்பிக்கொண்டு நிற்கிற பிளெக்ஸ் போர்டு. அந்தச் சிரிப்பைக் கடக்கும்போதெல்லாம் மாரீஸ்வரி பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைப்பீர்கள். மாட்டாள். கண்ணெடுக்காமல் பார்ப்பாள்.

2008-இல் அது வந்தது. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று கர்ணனுடைய நர்சரிச் செடிகளை மொத்தமாக எடுப்பதாக இருந்தது. வைரஸ் இல்லை என்று தெரிந்தால்தான் எடுப்போம் என்று சொல்லி, இலை மாதிரிகளை எங்களிடம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பையில் வெறும் எண்கள்தான். ஆனால் கொண்டுவந்து கொடுத்தது கர்ணன் நர்சரி வண்டி டிரைவர். அப்புறம் எண்ணாவது, எழுத்தாவது.

அன்றைக்கு மாரீஸ்வரி இலை அரைத்துக்கொண்டிருந்தாள். மாதிரிகள் நிறைய இருந்ததால் ஆல்புமின் கரைசலைத் தயார் பண்ணும் வேலையை உதவியாளர் சுருளியிடம் கொடுத்தாள். சுருளி நாற்பதைத் தாண்டியவர். எங்களிடம் வருவதற்கு முன்னால் சின்னமனூரில் டீ மாஸ்டர். அவர் கைப்பக்குவத்தை நான் குறை சொல்ல மாட்டேன், ஆய்வகத்து ஸ்டவ்விலும் அருமையாக டீ போடுவார். ஆனால் ஆல்புமின் டீத்தூள் இல்லை. அதைத் தண்ணீர் மேல் தூவிவிட்டுத் தொடாமல் வைக்க வேண்டும். அது மிதந்து, ஊறி, தானே இறங்கிக் கரையும். கலக்கினால் நுரைத்துவிடும். சுருளிக்கு மேலே மிதக்கிற எதுவும் கசடுதான். ஒரு பீக்கரிலிருந்து இன்னொரு பீக்கருக்கு ஓங்கி ஆற்றி, பொங்கி வந்த நுரையையும் அதோடு மிதந்த பொடிக் கட்டிகளையும் கரண்டியால் சுத்தமாக எடுத்துக் கொட்டிவிட்டார். மிச்சம் இருந்தது ஏறக்குறைய வெறும் தண்ணீர். அதைத்தான் குழிகளில் ஊற்றினோம், தெரியாமல்.

சாயங்காலம் நிறம் காட்டுகிற மருந்தை விட்டதும் தட்டு மஞ்சளாக ஆரம்பித்தது. ஒரு குழி, பக்கத்துக் குழி, அப்புறம் வரிசை வரிசையாக.

“ஷர்மி,” என்றாள். அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. “இங்கன வந்து பாரு. பூராம் மஞ்சள்.”

அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் வராது. நானும் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன். அந்தக் கர்ணன் கெட்டொழியட்டும் என்றுதான் இருந்தது. அப்புறம் இரண்டு பேர் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றது. முதல் வரிசையில், நாங்களே வளர்த்து வைத்திருந்த நோயில்லாச் செடியின் சாறு விட்ட இரண்டு குழி. அதுவும் மஞ்சள்.

மாரீஸ்வரி தட்டை என் பக்கமிருந்து நகர்த்தினாள். பிறகு, “அந்த ரெண்டு குழியை நீ பாக்கலைன்னு வச்சுக்க,” என்றாள்.

“பாத்துட்டேனேடி.”

“மேனேஜர் தட்டையா பாக்கப் போறாரு? நாம சொல்றதுதானே அவருக்கு.”

அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தது கையில் கிடக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், கர்ணனுடைய செடி அத்தனையும் வெட்டி எரிக்க வேண்டியதுதான், அவளுடைய அப்பா தோப்பு எரிந்த மாதிரி. அவள் அந்த நேரத்தில் தர்மம் நியாயம் என்று யோசித்தாள் என்று சொன்னால் அது பொய். அவள் யோசித்தது வேறு.

“கோயம்புத்தூர்க்காரன் சும்மா விட மாட்டான்,” என்றாள் திரும்பி வந்து. “வேற எடத்துல குடுத்துப் பாப்பான். அங்கன சுத்தம்னு வந்துச்சுன்னா, மகராசன் நெஞ்சை நிமித்திக்கிட்டு ஊருக்குள்ள வருவான். அப்புறம் நான் போய் அந்தாளு கால்ல விழணும். எங்க வீட்டுல ஒருத்தர் விழுந்தது போதும்.”

தட்டைக் குப்பையில் போட்டாள். சுருளியைக் கூப்பிட்டுக் கேட்டபோது, “நல்லா ஆத்தி, நுரை கசடெல்லாம் எடுத்துட்டுத்தான் குடுத்தேன் மேடம்,” என்றார் பெருமையாக. பொடி எதற்கு, அது இல்லாவிட்டால் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாம் மஞ்சளாகத்தான் வரும் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். அந்த விளக்கம்தான் பின்னால் வேலை செய்தது.

மறுநாள் ஆல்புமினை அவளே தூவி, அவளே காவலிருந்து, அவளே ஊற்றி, திரும்பச் செய்தாள். நோயுள்ள செடி என்று நாங்கள் வைத்திருந்த குழிகள் மட்டும் மஞ்சள் காட்டின. கர்ணனுடைய குழிகள் ஒன்று விடாமல் தண்ணீராகக் கிடந்தன. செடி சுத்தம்.

மாரீஸ்வரி அழுதாள். ஆத்திரத்தில் வருகிற அழுகை. “இப்ப பாத்து நல்லவனாயிருக்கான் பாரு,” என்றாள். வியாழக்கிழமை மேனேஜர் முடிவை கோயம்புத்தூருக்கு ஈமெயிலில் அனுப்பிவிட்டார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை கர்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஆனால் பிளெக்ஸ் போர்டுச் சிரிப்பு இல்லை. கோயம்புத்தூரிலிருந்து அவருக்கு இன்னும் தகவல் வந்திருக்கவில்லை. நடந்தது என்னவென்றால், சுருளி டீக்கடையில் நர்சரி டிரைவரிடம் வாயை விட்டிருக்கிறார். உங்க முதலாளி செடி அம்புட்டும் மஞ்சளாயிருச்சு, ரத்தப் பொடி சரியா விழலேன்னா அப்படித்தான் வருமாம், அந்தப் பொடி மாரி மேடம் கையிலதான் இருக்கு என்று. இரண்டாவது தடவை செய்தது சுருளிக்குத் தெரியும், அதைச் சொல்வதற்குள் டிரைவர் எழுந்து ஓடிவிட்டாராம். கர்ணன் அதைக் கேட்டு ஒரே முடிவுக்கு வந்துவிட்டார். பழைய பகைக்குப் பெண் பொடியைப் போடாமல் விட்டுவிட்டாள். அவர் அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

“ஆத்தா மாரி, நல்லாருக்கியா,” என்றார்.

“இருக்கேன் மாமா.”

“அந்தப் பொடியைக் கொஞ்சம் போட்டுப் பாரு தாயி.”

“எந்தப் பொடி மாமா?”

“ரத்தப் பொடி. அதைப் போட்டாத்தான் சரியா வருமாம்ல. பழசை மனசுல வச்சுக்காத. இந்தச் செடி போச்சுன்னா மாமன் வெளிய தலை காட்ட முடியாது. நீ என்ன சொன்னாலும் செய்யிறேன்.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். போட்டாச்சு மாமா, செடி சுத்தம், முடிவு போயிருச்சு என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை. எங்கப்பா விழுந்த எடத்துக்கு வாங்க. அன்னைக்கு இருந்தவுகளையும் கூட்டிட்டு வாங்க. சீருக் கன்னுல நோவு இருந்துச்சு, எனக்குத் தெரிஞ்சுதான் குடுத்தேன்னு சொல்லுங்க.”

“சொன்னா பொடியைப் போடுவியா?”

“மொதல்ல சொல்லுங்க மாமா. அப்புறம் பேசுவோம்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். மாரீஸ்வரி உள்ளே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “நாளைக்கு நீயும் வா ஷர்மி. எங்கம்மா மொகத்தை நீ பாக்கணும். அன்னைக்கு அவளைச் சொல்ல விடாதவுக முன்னாடி நாளைக்கு ஊரே கேக்கப் போகுது,” என்றாள்.

போனேன். விடுவேனா. அம்மன் கோயில் முன்னால் நல்ல கூட்டம். அன்றைக்கு இருந்த பெரியவர்களில் செத்தவர் போக மிச்சம் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒச்சாண்டியைத் திராட்சைத் தோட்டத்திலிருந்து மகள் கட்டாயப்படுத்தி அழைத்து வந்திருந்தாள். “ஆறிப்போனதை எதுக்கு ஆத்தா கிண்டுற,” என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். மலையம்மாள் கடைசியாக வந்து ஓரத்தில் நின்றார். அவர் முகம் மாரீஸ்வரி சொன்ன மாதிரி இல்லை. காய்ச்சல்காரர் முகம் மாதிரி இருந்தது. நான் அதைப் பார்த்தேன், ஆனால் என்னவென்று விளங்கவில்லை.

கர்ணன் நடுவில் வந்து நின்றார். “எல்லாருக்கும் கேக்கட்டும். அன்னைக்கு நான் குடுத்த சீருக் கன்னுல நோவு இருந்துச்சு. முடிக்கொத்து விழுந்த தோட்டத்துல பேத்த கன்னு. எனக்குத் தெரியும். மாப்பிள்ளை மேல தப்பில்ல.” சொல்லிவிட்டு ஒச்சாண்டி காலில் விழுந்தார். ஒச்சாண்டி காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்.

மாரீஸ்வரி தன் அப்பாவைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் கூட்டம் கலைந்திருந்தால் அவளைப் போல நிம்மதியான ஒருத்தி இந்தப் பள்ளத்தாக்கிலேயே இருந்திருக்க மாட்டாள்.

ஆனால் ஒரு பெரியவர் விடவில்லை. “கூடப்பொறந்தவ வீட்டுக்குத் தெரிஞ்சே நோவைக் குடுத்தியா? நீயெல்லாம் ஒரு அண்ணனா? த்தூ.” கூட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கர்ணன் எழுந்து புழுதியைத் தட்டினார். முகம் கறுத்துவிட்டது. காலில் விழுவதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார், காறித் துப்புவதற்குத் தயாராக வரவில்லை.

“நான் மட்டுமா தெரிஞ்சு குடுத்தேன்?” என்றார். “வாங்குனவளுக்கும் தெரியும். கன்னு பேத்தெடுக்கும்போது அவ அங்கனதான் நின்னா. இதுதாண்டி இருக்கு, வேணாம்னா சொல்லு, வெறும் பழத்தட்டோட வந்துறேன்னு சொன்னேன். கொண்டு வாண்ணேன்னு சொன்னவ அவதான். கேளுங்க.”

எல்லாரும் மலையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்லைன்னு சொல்லும்மா,” என்றாள் மாரீஸ்வரி.

மலையம்மாள் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

“அம்மா. இல்லைன்னு சொல்லு.”

ஒச்சாண்டி வந்து மகளுடைய கையைப் பிடித்தார். “விடு ஆத்தா. எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அவ சூடத்துக்கு நேரா எந்திரிச்சுப் போனப்பவே தெரிஞ்சு போச்சு. அண்ணனைக் காப்பாத்த, நல்ல கன்னுன்னு பொய்ச் சத்தியம் பண்ணத்தான் போனா. அம்மன் முன்னாடி என் பொண்டாட்டி பொய்யைச் சொல்லிட்டு வந்து எங்கூடப் பொழைக்கணுமா? அதான் விழுந்தேன். விழுந்தா முடிஞ்சு போச்சு. ஆருக்கும் தெரியாம இருந்துச்சு.” சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார்.

மாரீஸ்வரி கையை விடுவித்துக்கொண்டாள். கர்ணன் மட்டும் தன் காரியத்தில் கண்ணாக இருந்தார். “சொல்லச் சொன்ன, சொல்லிட்டேன். இனி அந்தப் பொடியைப் போட்டுரு மாரி,” என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. நான் திரும்பினேன்.

“போட்டுத்தான் பாத்தோம்,” என்றேன். “வியாழக்கிழமையே கோயம்புத்தூருக்குப் போயிருச்சு. உங்க செடி சுத்தம்.”

அந்த ஆளுடைய முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தேவையே இல்லாமல் தன் வாயால் தன்னைக் கெடுத்துக்கொண்ட மனுஷனுடைய முகம் அது. பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை. அவள் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் நினைத்தது நடந்தது. ஒச்சாண்டியை அந்தப் பெயர் சொல்லி இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. ரேஷன் கடையில் முதலில் விடுகிறார்கள். பொண்டாட்டிக்காகக் காலில் விழுந்தவர் என்று பெண்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். மலையம்மாளைப் பார்த்தால் அதே பெண்கள் குழாயடியில் பேச்சை நிறுத்துகிறார்கள்.

கர்ணனோடு மாரீஸ்வரி ஒரு வருஷத்துக்குள் சமாதானமாகிவிட்டாள். என்னால் நம்ப முடியவில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் “மாமா, சாப்பிட்டீகளா” என்கிறாள். அவர் மேல் இருந்த கணக்கு தீர்ந்துவிட்டதாம். அம்மாவோடு பேசுவதில்லை. உத்தமபாளையத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அம்மா கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.

இந்த வருஷம், 2010 பங்குனியில், அவளுடைய அப்பா அம்மா இரண்டு பேரும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். ஒச்சாண்டி உள்ளே வந்தார். மலையம்மாள் கேட்டுக்கு வெளியிலேயே தூக்குவாளியோடு நின்றுவிட்டார். நான் போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. என்னிடம் சொன்னார், “அவ சடங்குக்கு எங்கண்ணன் வெறும் தட்டோட வந்துறக் கூடாதுன்னு நெனச்சேன் தாயி. எம்பிள்ளைக்குப் பெருசாச் சீரு வரணும், ஊரே பாக்கணும்னு ஆசை. செடி தப்பிச்சுக்கிரும்னு நெனச்சேன். அவளுக்காகத்தான் தாயி.” அந்த அம்மா மேல் எனக்கும் கோபம் இருந்தது. அதோடுதான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

உள்ளே ஒச்சாண்டி மகள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்ததும், “நீயாச்சும் சொல்லு தாயி,” என்றார். “கால்ல விழுந்தவன் நானு. நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன். இவளுக்கு என்ன வந்துச்சு?”

நான் வெளியில் கேட்டதைச் சொன்னேன். சீர், தட்டு, அவளுக்காகத்தான் என்றது, எல்லாம். மாரீஸ்வரி கையை நிறுத்தாமல் கேட்டாள்.

“விழுந்தவுக மன்னிக்கலாம்ப்பா,” என்றாள். “பாத்துக்கிட்டு நின்னவ நான்.”

ஒச்சாண்டி எழுந்து போனார். பஸ் வந்து அவர்கள் ஏறுவதற்கு முன்னால் நான் ஓடிப்போய் அந்தத் தூக்குவாளியை வாங்கிக்கொண்டேன். அயிரை மீன் குழம்பு. மத்தியானம் நானும் சுருளியும் சாப்பிட்டோம். அவள் தொடவில்லை.